ஒரு கதவுக்கு மூன்று பூட்டு

இன்று காலையும் கையெல்லாம் துரு வாசம். ரங்கூன் மழைக்கு இந்த இரும்பு தாங்காது என்று பூட்டு வாங்கிய அன்றே உம்மிடம் சொன்னேன். தேங்காய் எண்ணெய் விட்டால் போதும் என்றீர். நீர் போய் இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. எண்ணெய் விடுகிற வேலை என் தலையில் வந்து விழுந்திருக்கிறது.

கப்பலில் வந்து இறங்கியவர்கள் மூட்டை முடிச்சோடு, புதிதாக வருகிறவர்கள் தங்கும் நம் மன்றத்து வாசலில் நின்றார்கள். நான் என் பூட்டைத் திறந்துவிட்டேன். மன்றத்தில் படுத்து எழும் துறைமுகத் தொழிலாளிகளின் சார்பாகச் சாவி வைத்திருக்கும் வேலாயுதம் தன் பூட்டைத் திறந்துவிட்டான். மூன்றாவது பூட்டுக்கு உரிய தலைவரைக் காணோம். பத்திரிகை அலுவலகத்தில் அச்சுக் கோப்பவர் என் செய்திக்காகக் காத்திருக்க, நான் சாரலில் நனைந்துகொண்டு ஒரு கதவைப் பார்த்தபடி நிற்கிறேன். அப்போது உம்மை நினைத்தேன். நல்லவிதமாக நினைத்தேன் என்று சொல்ல முடியாது.

எதிர்ப்புறம் மொஹிங்கா விற்கும் டோ மியாவை மறந்திருக்க மாட்டீர். மீன் சாற்றுப் பானையை மூடிவிட்டு, தனக்குத் தெரிந்த தமிழில் இன்றைக்கும் அதையேதான் கேட்டாள்.

“ஐயா, மூணு பூட்டு. உள்ள தங்கமா?”

“பாய்தான் டோ மியா.”

“பாய்க்கு மூணு பூட்டா?” என்று சிரித்தாள். உமக்காக இவளிடம் எத்தனை நாள்தான் பதில் சொல்வது?

எல்லாம் அந்த நாற்காலியால் வந்த வினை. ஊருக்குத் திரும்பிய ஓர் அமெரிக்கப் பாதிரியார் வீட்டுச் சாமான்கள் ஏலத்துக்கு வந்தபோது, கை வைத்த தேக்கு நாற்காலி ஒன்றை வாங்க நீர் போனீர். நாற்காலிமேல் கட்டி வைத்திருந்த புத்தகங்களையும் சேர்த்தே எடுத்துப் போகச் சொல்லிவிட்டார் ஏலக்காரர். நாற்காலியை மன்றத் தலைவர் உட்காரக் கொடுத்துவிட்டு, புத்தகங்களை வீட்டுக்குத் தூக்கிப் போனீர். துறைமுக அலுவலகத்தில் எழுத்தர் வேலை, ஞாயிற்றுக்கிழமை கோயில், மாலையில் மன்றம் என்று ஒழுங்காக இருந்த மனிதர், அந்த வாரத்தோடு கெட்டுப்போனீர்.

அந்தப் புத்தகங்களில் இருந்தவர் அமெரிக்காவின் அரசியல் சட்டத்தை எழுத உட்கார்ந்தவர்களில் ஒருவர். பின்னால் அந்த நாட்டுக்கே தலைவராக இருந்தவர். ஆள் குள்ளம், குரலும் சன்னமாம். அதைச் சொல்லும்போது உமக்கு ஒரு பெருமை, ஏனென்றால் நீரும் அப்படித்தான். அவரை ‘நம்ம அமெரிக்கர்’ என்பீர், ஏதோ அடுத்த தெருவில் குடியிருக்கிறவரைப் போல.

அவர் சொன்னதாக நீர் சொன்னதை நான் இன்னமும் ஒப்பிப்பேன். ஆளப்படுகிறவர்களைப் போலவே ஆளுகிறவர்களும் மனிதர்கள். ஆகையால் அதிகாரத்தை மொத்தமாக ஒரு கையில் கொடுக்கக் கூடாது. சட்டம் செய்வது ஒரு கை, நடத்துவது ஒரு கை, வழக்குத் தீர்ப்பது ஒரு கை. நல்லவன் வருவான் என்று காத்திருக்காதே. ஒருவனுடைய பேராசைக்கு இன்னொருவனுடைய பேராசையையே வேலியாக வை. பெரும்பான்மை கை தூக்கிவிட்டது என்பதற்காக மற்றவர்களின் சுதந்திரத்தைப் பறித்துவிட முடியாது. ராஜா மட்டும்தான் கொடுங்கோலன் ஆவான் என்று எண்ணாதே.

நல்ல கருத்துகள்தான். ஒரு தேசத்துக்கு. நீர் அதைக் கொண்டுவந்து, தகரக் கூரையும் நாற்பது பாயும் உள்ள ஒரு கூடத்தில் மாட்டினீர்.

அந்தப் பொதுக்கூட்டம் நினைவிருக்கிறதா? தலைவருக்கு ஒரு பூட்டு, நிர்வாகக் குழுவுக்கு ஒன்று, வழக்குத் தீர்க்கும் பஞ்சாயத்துக்கு ஒன்று, மூன்றும் திறந்தால்தான் கதவு திறக்கும் என்று நீர் சொன்னதும் கூடம் சிரித்தது. துறைமுகத்துக்குக் கூலியாட்களைச் சேர்த்து அனுப்பும் மாடசாமி மேஸ்திரி எழுந்தார். “கிளார்க்கையா, நம்ம ஆளுக மேல நம்பிக்கை இல்லையா?”

“கோயில் உண்டியலுக்கு மூணு பூட்டுப் போடுதீரே மேஸ்திரி. சாமி பக்கத்துலயேதான் இருக்காரு. அப்பவும் நம்பலியே.”

கூடம் இப்போது மேஸ்திரியைப் பார்த்துச் சிரித்தது. தீர்மானம் நிறைவேறியது. லத்தாத் தெருவில் ஒரு சீனர் கடையில் பூட்டு வாங்க என்னைத்தான் இழுத்துக்கொண்டு போனீர்.

அதன்பின் நாங்கள் பட்டது கொஞ்சமா? சென்னையிலிருந்து சொற்பொழிவாற்ற வந்த பெரியவர் ஒருவர் மாலையும் கழுத்துமாகத் தெருவில் நின்றார். குழுவின் சாவியை வைத்திருந்தவர் த்வாண்டேக்குப் படகேறிப் பானை வாங்கப் போயிருந்தார். அவர் இரண்டு தண்ணீர்ப் பானைகளைச் சுமந்துகொண்டு வந்து சேர்ந்தபோது, சொற்பொழிவாளர் டோ மியாவின் முக்காலியில் உட்கார்ந்து பாதிப் பேச்சைப் பேசி முடித்திருந்தார். நான் கோபத்தில் உம்மைப் பார்த்தேன். “சுதந்திரத்துக்குக் கொஞ்சம் கால்வலி உண்டு வே” என்றீர். பெரியவரின் கால்களை யார் கேட்டார்கள்?

ஒரு நாள் நான் நியாயமான கேள்வி ஒன்று கேட்டேன். தலைவர் வேண்டுமென்றே வராமல் இருந்துவிட்டால் கதவே திறக்காதே, அப்போது என்ன செய்வது என்றேன். நீர் பேனாவைக்கூடக் கீழே வைக்கவில்லை.

“அவரு தலைவரா உக்காருத நாற்காலியும் உள்ளதானே வே இருக்கு? வருவாரு.”

பர்மாவுக்கு இரட்டை ஆட்சி வந்த நாட்களில், சட்டசபைச் செய்தி எழுதிவிட்டு நேராக உம்மிடம்தான் வருவேன். கல்வி, சுகாதாரம் போன்ற இலாகாக்கள் மந்திரிகளிடம். கஜானாவும் போலீசும் கவர்னரிடம். உமக்கு மகிழ்ச்சியாக இருக்கும் என்று நினைத்து, “உம்முடைய அமெரிக்கர் சொன்னபடி அதிகாரத்தைப் பிரித்துவிட்டார்களே” என்றேன். நீர் எரிந்து விழுந்தீர்.

“இதுவா பிரிக்கிறது? வாசல் பெருக்க ஒருத்தன், தண்ணி எடுக்க ஒருத்தன்னு வேலையைப் பிரிச்சுக் குடுத்துட்டு, சாவிய வீட்டுக்காரனே வெச்சுக்கிட்டான். மந்திரி கவர்னரத் தடுக்க முடியுமா? அதச் சொல்லும் மொதல்ல. இத எழுதத் தெரியாம என்ன வே பேப்பர்காரன் நீரு?”

மறுநாள் அதை எழுதினேன். ஆசிரியர் வெட்டிவிட்டார். அதற்கும் என்னைத்தான் திட்டினீர்.

உம்மை ஒரு முறையாவது மடக்க வேண்டும் என்று காத்திருந்தேன். அலுவலகத்து ஆங்கிலக் கலைக்களஞ்சியத்தில் ஒரு நாள் அகப்பட்டது. உம்முடைய அமெரிக்கர் அடிமைகள் வைத்திருந்தவர். வயல் நிறைய, வீடு நிறைய. சாகும்போதுகூட அவர்களை விடுதலை செய்யவில்லை. குறிப்பெடுத்துக்கொண்டு நடையாய் நடந்து வந்தேன். டீக்கடையில் எல்லார் முன்னாலும் சொன்னேன்.

“சுதந்திரத்தைப் பத்தி ஊருக்கு எழுதினாரு. அவரு வயல்ல வேலை செஞ்சவன விக்கலாம், வாங்கலாம். இதுக்கு என்ன வே சொல்லுதீரு?”

டீயைக் குடித்துவிட்டு எழுந்து போனீர். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்; வீட்டுக்குப் போகும் வழியிலேயே அந்த மகிழ்ச்சி கசந்தது. அடுத்த வாரம் நீரே அலுவலகத்துக்கு வந்தீர். என் மேசை ஓரத்தில் உட்கார்ந்து, வழக்கத்தைவிடச் சன்னமான குரலில் பேசினீர்.

“தெரியாம இல்ல வே. படிச்சேன். தாண்டிப் போயிட்டேன். ஒரு மனுசன இன்னொருத்தன் கையில முழுசாக் குடுத்தா என்ன ஆகும்னு அவரு வீட்டு முத்தத்துலயே பாத்திருக்காரு. அப்படியும் ஊருக்குப் பூட்டு செஞ்சவரு தன் வீட்டுக்குச் செய்யல. அவரே அப்படின்னா மத்தவன் எப்படி? பூட்டு செஞ்சவன நம்பாதேயும். பூட்ட நம்பும்.”

“நல்லாச் சமாளிக்கிறீர்” என்றேன்.

“இன்னும் முடிக்கல. அவரு சாவிகளப் பிரிச்சாரு, சரி. யாருக்குக் குடுத்தாரு? எல்லாம் வீட்டுக்காரங்களுக்குள்ளயே. நம்மளும் அதத்தானே செஞ்சிருக்கோம்? தலைவரு, குழு, பஞ்சாயத்து, எல்லாம் சட்டை போட்டவங்க. உள்ள படுக்கிறவன் கையில ஒரு சாவி உண்டா?”

அடுத்த பொதுக்கூட்டத்தில் குழுவின் சாவியைப் பிடுங்கி, படுத்து எழுகிறவர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுக்கும் ஆளிடம் கொடுக்க வைத்தீர். பஞ்சாயத்தின் சாவி உம்மிடம் இருந்தது. தலைவரின் சாவி, நேர்மையான தேர்தலில், நிறைய ஓட்டு வாங்கி, மாடசாமி மேஸ்திரியிடம் போனது. அவர் அந்தத் தேக்கு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்த விதத்தைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. உமக்கு எரியவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

அவருக்கு என்ன வேண்டும் என்பது ஊருக்கே தெரியும். ரங்கூனில் இறங்குகிறவனுக்கு அன்றைக்குப் படுக்க இடம் இல்லையென்றால் அவன் ஏதாவது ஒரு மேஸ்திரியின் பாயில்தான் போய் விழ வேண்டும். யார் பாயில் படுத்தானோ அவருக்குத்தான் மறுநாள் உழைக்க வேண்டும், அவர் சொன்ன கூலிக்கு. நம் மன்றத்தில் பாய் இருந்ததால் புதிதாக வந்தவன் நாலு நாள் விசாரித்து, பிடித்த இடத்தில் வேலைக்குப் போக முடிந்தது. ‘மேஸ்திரியின் சீட்டு இல்லாதவனுக்கு இடமில்லை’ என்று ஒரு விதி வந்தால் அந்த நாலு நாள் போச்சு. விதியை எழுதிவிடலாம்; கதவு ஒருவர் கையில் இல்லாதவரை அதை நடத்த முடியாது. ஆகவே மேஸ்திரியின் கண் பூட்டுகள்மேல் இருந்தது.

அந்தச் சமயம் பார்த்து நீர் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தீர். உமக்கு எதிலும் நேரம் பார்க்கத் தெரியாது.

உம்முடைய இரங்கல் கூட்டத்தை நீர் பார்த்திருக்க வேண்டும். தெருவில் நடந்தது. கொட்டும் மழை. இரண்டு பூட்டுகள் திறந்து தொங்குகின்றன, மூன்றாவது உம்முடையது. உம் வீட்டு மதினி கறுப்புக் கரைச் சேலையின் முந்தானையில் சாவியை முடிந்துகொண்டு வந்திருந்தார்கள். மேஸ்திரி கையை நீட்டினார்.

“குடுங்க தாயி. அவருக்காகத்தானே கூட்டம்.”

“தலைவருகிட்டக் குடுக்கக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போயிருக்காக” என்றார்கள் மதினி. “புதுசா ஒரு ஆளத் தேர்ந்தெடுங்க. அவுககிட்டக் குடுக்கேன்.”

தேர்தல் மன்றத்துக்குள்தான் நடக்க வேண்டும் என்பது விதி. அதையும் நீர்தான் எழுதினீர். மன்றம் பூட்டிக் கிடக்கிறது. மூக்கிலிருந்து தண்ணீர் சொட்ட நான் உம்மைத் திட்டினேன், சத்தமாகவே.

“இதென்ன கூத்து? கொல்லனக் கூப்பிடு. மூணையும் உடைச்சு, நல்லதா ஒரு பூட்டு போடுவோம். சம்மதிக்கிறவங்க கை தூக்குங்க” என்றார் மேஸ்திரி.

கைகள் எழுந்தன. மேஸ்திரியின் ஆட்கள் மட்டுமல்ல, நனைந்துகொண்டிருந்த எல்லாரும். உம்முடைய அமெரிக்கர் பயந்த அதே பெரும்பான்மை. என் கை பாதி எழும்பியது. இதையும் நீர் தெரிந்துகொள்ளும். வேலாயுதம் ஒருவன்தான் தன் பூட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு கதவோடு ஒட்டி நின்றான்.

அப்போது பின்னாலிருந்து ஒரு குரல். சுப்பையா மேஸ்திரி. மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில் ரயில் வேலைக்கு ஆள் சேர்க்கிறவர், குடிகாரர், உம்மை ‘பூட்டுக் கிளார்க்கு’ என்று கேலி செய்தே காலம் கழித்தவர். கூட்டத்தை இடித்துக்கொண்டு முன்னால் வந்தார்.

“எவன்டா பூட்ட உடைக்கிறது? இவன் ஒத்தச் சாவிய வெச்சுக்கிட்டு என் ஆளுகள உள்ள விடுவானா?”

“நீ குடிச்சிருக்கே சுப்பையா.”

“குடிச்சிருக்கேன். பூட்டு எத்தனைன்னு சரியாத்தான் தெரியுது. மூணு. மூணும் இருக்கணும்.”

அவருடைய ஆட்கள் அவர் பின்னால் வந்து நின்றார்கள். தூக்கிய கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. கொல்லனைக் கூப்பிட யாரும் போகவில்லை. அந்த மனிதருக்கு உம்மீது மரியாதை கிடையாது. சுதந்திரம் என்ற சொல்லை அவர் ஒரு நாளும் உச்சரித்ததில்லை. மாடசாமியைக் கண்டால் ஆகாது, அவ்வளவுதான். நாங்களெல்லாம் உம்மை நேசித்தவர்கள், கை தூக்கினோம். உம்மைப் பிடிக்காத ஒருவர் உம்முடைய பூட்டைக் காப்பாற்றினார். நீர் இருந்திருந்தால் அதைக் கண்டு அப்படியொன்றும் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டீர். நல்லவனுக்காகக் காத்திருக்காதே என்று எத்தனை முறை சொல்லியிருப்பீர்.

தேர்தல் தெருவிலேயே நடந்தது. விதியை மீறித்தான். மாடசாமி சொன்ன ஆளைச் சுப்பையா ஏற்கவில்லை. சுப்பையா சொன்ன ஆளை மாடசாமி ஏற்கவில்லை. கடைசியில் சுப்பையா என்னைக் காட்டி, “இந்தப் பேப்பர்காரரு ரெண்டு பேரையும் திட்டி எழுதினவரு. இவரு யாருக்கும் ஆகாத ஆளு” என்றார். மாடசாமியும் தலையை ஆட்டினார். இரண்டு பேரும் ஒத்துக்கொண்ட ஒரே விஷயம் அது. மதினி முடிச்சை அவிழ்த்து என் கையில் வைத்தார்கள். நான் கேட்கவே இல்லை.

சீட்டு விதி இன்றுவரை நிறைவேறவில்லை. மாதம் ஒரு முறை மாடசாமி கொண்டுவருகிறார். மாதம் ஒரு முறை சுப்பையா எழுந்து கத்துகிறார். நான் நடுவில் உட்கார்ந்து காது நோகக் கேட்கிறேன். நல்ல மனிதர்கள் நாலு பேர் சேர்ந்து நல்லபடியாக நடத்தினால் என்ன என்று எனக்கு இப்போதும் தோன்றுகிறது. தோன்றுகிறபோதெல்லாம், பாதி எழும்பிய என் கை நினைவுக்கு வந்துவிடுகிறது. அதை நீர் பார்க்காமல் போனதில் எனக்கு ஆறுதலும் உண்டு, வருத்தமும் உண்டு.

இன்று காலை மாடசாமி மேஸ்திரி குடை பிடித்துக்கொண்டு, அவசரமே இல்லாமல், வந்து சேர்ந்தார். கறுவிக்கொண்டே தன் பூட்டைத் திறந்தார். கதவு திறந்ததும் உள்ளே நாற்காலி தெரிந்தது. அவர் கண் முதலில் அதன்மேல்தான் போனது. நீர் சொன்னபடியே.

புதிதாக வந்தவர்களில் ஒருவர், ஐம்பது வயது இருக்கும், வாசல்படியில் கால் வைக்கத் தயங்கினார். ஈர மூட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இது யாரு வீடு சாமி? யாருகிட்டக் கேட்டுக்கிட்டு உள்ள போகணும்?”

மாடசாமி வாயைத் திறந்தார். என்னைப் பார்த்தார், வேலாயுதத்தைப் பார்த்தார், வாயை மூடிக்கொண்டார். நாங்கள் இருவரும் அவரைப் பார்த்தோம். மூன்று பேரில் ஒருவராலும் ‘என்னுடையது’ என்று சொல்ல முடியவில்லை.

“யாருகிட்டயும் கேக்க வேண்டாம்” என்றேன். “போய்ப் படும்.”

அலுவலகத்துக்கு வந்து இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டேன். துரு வாசம் போகவில்லை. சாவி இடுப்பில் உறுத்திக்கொண்டிருக்கிறது.