குதிரைகள் வந்து நின்ற மத்தியானம்

குருநகர்,
ஐப்பசி, முதல் மழை பெய்த கிழமை.

அன்பு மகள் லவீனாவுக்கு,

இங்கே நானும் அம்மாவும் அந்தோனியார் புண்ணியத்தில் சாப்பாடும் நித்திரையும் குறையாமல் இருக்கிறோம். நீயும் மருமகன் ஜெனிஸ்ரனும் பேத்தி ஷெரோனும் அந்தக் குளிரிலும் சுகமாக இருக்க வேண்டும் என்று அம்மா செவ்வாய்க்கிழமைகளில் மெழுகுதிரி கொளுத்தி வைக்கிறாள். அவளுடைய முழங்கால் இப்போது பரவாயில்லை, நீ அனுப்பிய களிம்பைப் பூசிவிட்டு மகள் அனுப்பியது நல்ல சுகம் என்று பக்கத்து வீட்டுக்கெல்லாம் சொல்கிறாள், பிறகு யாரும் பார்க்காத நேரம் பழையபடி நல்லெண்ணெயையும் பூசுகிறாள். குசினிக் கூரையில் உடைந்த ஓடுகளை மாற்றிவிட்டேன், மழைக்கு ஒழுகவில்லை. போனில் கதைக்கலாமே, அப்பாவுக்கு ஏன் இந்த எழுத்து வேலை என்று நீ நினைப்பாய். போனை எடுத்தால் அம்மா பக்கத்திலேயே வந்து நிற்கிறாள். நெடுந்தீவில் நடந்ததில் பாதியைத்தான் அவளுக்குச் சொன்னேன், மீதியையும் சொன்னால் இனி என்னை அங்கே போக விடமாட்டாள். அதோடு நீ இடையில் சிரித்துவிட்டால் எனக்குச் சொல்ல வராது.

ஆனி மாதம் நீ அழுதுகொண்டு எடுத்தாயே ஒரு அழைப்பு, அதிலிருந்து தொடங்குகிறேன். ஷெரோனின் வகுப்பில் ஆசிரியை பழைய உலகப் படத்தை விரித்து அந்த நாட்டு ஒல்லாந்தர், டச்சுக்காரர், ஒரு காலம் ஆண்ட இடங்களைக் காட்டியபோது பக்கத்தில் இருந்த பிள்ளை, எங்கள் ஆட்கள் உங்கள் ஊருக்கு வந்து ஆண்டார்கள், உங்கள் ஆட்கள் ஏன் இங்கே வந்து ஆளவில்லை என்று கேட்டதாம். நக்கலுக்கு இல்லை, தெரியாமல்தான் கேட்டதாம். ஷெரோன் வீட்டுக்கு வந்து கட்டிலுக்குக் கீழே போய்ப் படுத்துக்கொண்டாள் என்றாய். “அப்பா, அவளுக்கு நான் என்னத்தைச் சொல்ல?” என்று நீ கேட்க, “அவங்களிட்டைப் பெரிய கப்பலும் பீரங்கியும் இருந்தது எண்டு சொல்லு பிள்ளை” என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். அது பொய்யில்லை. ஆனால் முழுப் பதிலும் இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. இந்த வருடம் கடலில் ஒன்றும் இல்லை, இழுவைப்படகுகள் அடியோடு வாரிக்கொண்டு போய்விட்டன, என்னிடம் படகு எஞ்சின் திருத்தக் கொண்டுவருகிறவர்களும் குறைந்துவிட்டார்கள். ஆவணியில் நெடுந்தீவில் கடும் வறட்சி, தண்ணீர் இறைக்கும் மோட்டார்களைப் பார்க்க ஆள் வேண்டும் என்றார்கள், நான் உடுப்புப் பையோடு குறிகாட்டுவான் துறையில் படகு ஏறிவிட்டேன்.

நீ பள்ளிக்கூடச் சுற்றுலாவில் அங்கே போய், போக வர வாந்தி எடுத்தது உனக்கு நினைவிருக்கும். அதே தட்டையான தீவுதான். சாந்து இல்லாமல் முருகைக்கல்லை அடுக்கிய வேலிகள், அந்த வேலிகளுக்குப் பின்னால் பாதி வீடுகளில் ஆள் இல்லை, வெளியில் குதிரைகள். போர்த்துக்கேயர் கொண்டுவந்து விட்டவை, ஒல்லாந்தர் பெருக்கியவை என்று ஊரில் சொல்வார்கள். ஆண்டவர்கள் எல்லாரும் போய்விட்டார்கள், ஏறி ஓட்ட ஆளில்லாத குதிரைகள் மட்டும் குட்டி போட்டுக்கொண்டு காட்டு மிருகங்களாக அங்கேயே நிற்கின்றன. எனக்குத் தந்த மோட்டார், பழைய குதிரை லாயத்துக்குப் பக்கத்துக் கிணற்றில் பூட்டியிருந்தது. லாயம் என்று பெயர்தான், கூரையும் இல்லை சுவரும் இல்லை, வரிசையாகக் கட்டைத் தூண்கள், தூண்களுக்கு முன்னால் மண் மூடிய கல்தொட்டிகள். மோட்டாருக்குக் காவலாக நாகலிங்கம் என்று ஒரு தீவுக்காரர், என்னிலும் இளையவர், வாய் ஓயாத பகிடிக்காரர். எனக்கு மத்தியானச் சாப்பாடு பொன்மலர் என்ற பெண்ணின் வீட்டில். புருஷன் கடலுக்குப் போய் வராமல் விட்டபின் சின்ன மகளோடு தனியே இருக்கிறாள். தண்ணீர் வரிசையில் சண்டை வராமல் பார்க்கிறதும் அவள்தான், அவள் குரலுக்கு ஆம்பிளைகளும் பயம். குளங்கள் வெடித்துக் கிடந்தன. குதிரைகளில் குட்டிகள் முதலில் செத்தன, அந்தப் பக்கக் காற்று வீசினால் சோறு தொண்டைக்குள் இறங்காது. கிணற்றுத் தண்ணீர் ஆட்களுக்கு மட்டும், குதிரைகளுக்குப் பவுசர் வண்டியில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றுவோம் என்று ஊர்க் கூட்டத்தில் முடிவெடுத்திருந்தார்கள். பவுசர் வந்தது, பிறகு பழுதாகி நின்றது.

ஒரு நாள் உச்சி வெயிலில் மோட்டாரடியில் குந்தியிருந்தேன், முதுகு கூசியது. திரும்பினால் குதிரைகள். வந்த சத்தம் கேட்கவில்லை, கனைக்கவும் இல்லை. குழாயடியில் தண்ணீர் சிந்திச் சேறாகிக் கிடந்தது, அதை அவை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை, பிள்ளை, அதுதான் என்னை உலுக்கியது. நேரே லாயத்துக்குள் போய், ஒவ்வொரு தூணிடைக்கும் ஒவ்வொன்றாக, எல்லாம் ஒரே பக்கம் முகம் வைத்து, மண் மூடிய தொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றன. அந்தக் குதிரைகளை ஒருவரும் கட்டி வளர்த்ததில்லை. அவற்றின் தாயையும் இல்லை, தாயின் தாயையும் இல்லை. “நிழலுக்கு நிக்குதுகள் அண்ணை” என்றார் நாகலிங்கம். கூரை இல்லாத இடத்தில் உச்சிப்பொழுதில் நிழல் எங்கே என்று கேட்டேன், அவர் பீடியை மண்ணில் குத்தி அணைத்தார். நெடுநேரம் நின்றுவிட்டு ஒன்றன்பின் ஒன்றாகப் போய்விட்டன. அடுத்த நாளும் வந்தன, அதற்கடுத்த நாளும். அப்போதுதான் நாகலிங்கம் பகிடியை விட்டுவிட்டுச் சொன்னார். “ஒல்லாந்தற்றை காலத்திலை எங்கடை ஆக்கள்தான் உந்தக் கிணத்தை வெட்டினவை. முதல் தண்ணி குதிரைக்கு, பேந்துதான் அள்ளினவனுக்கு. அள்ளாதவனுக்குத் தண்ணியே இல்லையாம்.” எத்தனை வெள்ளைக்காரர் காவல் நின்றார்கள் என்று கேட்டேன். “ஒண்டோ ரெண்டோ. சவுக்குப் பிடிச்சு நிண்டது எங்கடை ஆக்கள்தான் அண்ணை.” சொல்லிவிட்டுச் சிரித்தார், ஆனால் குதிரைகள் நின்ற பக்கம் பார்க்காமல் சிரித்தார்.

புரட்டாதி பிறந்தபின் மோட்டார் எரிந்துபோனது. யாழ்ப்பாணத்திலிருந்து சாமான் வரும்வரை வாளியால் அள்ளுவோம் என்று கயிறு கட்டினோம், ஊர் முழுக்கத் தண்ணீர்க் கான்களோடு கிணற்றடிக்கு வந்துவிட்டது. அப்போது குதிரைகள் வந்து தூண்களுக்கிடையில் நின்றன. கதைத்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கதையை நிறுத்தினார்கள், அழுதுகொண்டிருந்த கைக்குழந்தையும் நிறுத்தியது. நாகலிங்கம் முதல் வாளியை இழுத்தார். இழுத்தவர் முன்னுக்கு நின்ற பெண்ணின் கானில் ஊற்றவில்லை, திரும்பி நடந்துபோய்க் காலால் மண்ணைத் தள்ளிவிட்டு முதல் தொட்டியில் ஊற்றினார். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. அடுத்த வாளியை நான் வாங்கினேன். உனக்குப் பொய் சொல்லமாட்டேன், வாங்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை, கை தானாகப் போனது. பிறகு பார்த்தால் கிணற்றிலிருந்து தொட்டிவரை ஆணும் பெண்ணுமாக நின்று வாளிகளைக் கைமாற்றிக்கொண்டிருக்கிறோம். யாரும் யாருக்கும் இடம் காட்டவில்லை, எல்லாருக்கும் தங்கள் இடம் தெரிந்திருந்தது. எல்லாத் தலையும் குனிந்திருந்தது. வெறும் கான்கள் வெயிலில் உருண்டு கிடந்தன. குதிரைகளும் அவசரப்படவில்லை. விலா எலும்பு தெரிய நின்றவை, முதல் தொட்டி நிறைந்தும் வாய் வைக்காமல் கடைசித் தொட்டி நிறையும்வரை பார்த்துக்கொண்டே நின்றன. அதன்பிறகு நெற்றியில் வெள்ளை விழுந்த கிழட்டுப் பெட்டைக் குதிரை ஒன்று தலையைத் தாழ்த்தியது, மற்றவையும் தாழ்த்தின. குடிக்கும் சத்தம் மட்டும்தான் அந்த வெளி முழுவதும். எனக்கு அந்த நேரம் பயம் வரவில்லை, லவீனா. நிம்மதியாக இருந்தது. சொன்ன வேலையைச் சரியாகச் செய்து முடித்தவனுக்கு வருகிற நிம்மதி. ஒருவரும் ஒரு வேலையும் சொல்லவில்லை.

பிந்தி வந்தவள் பொன்மலர், மகளுக்குக் காய்ச்சல் என்று வீட்டில் நின்றிருக்கிறாள். வந்து எங்களைப் பார்த்தவள் நேரே என் கையில் இருந்த வாளியைத் தட்டி விழுத்தினாள். “ஆருக்கு அள்ளுறியள்? என்ரை பிள்ளை நாக்கு வறண்டு கிடக்குது, ஆருக்கு அள்ளுறியள்?” என்று அவள் கத்தியதில்தான் ஊர் தலை நிமிர்ந்தது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை, எல்லாரும் தங்கள் கைகளைப் பார்த்தார்கள். குதிரைகள் மிரளவில்லை, குடித்து முடித்துவிட்டு வரிசையாகப் போயின. பொன்மலர் தானே வாளியை இறக்கி இழுத்து வாயில் வைத்தாள், உப்பு. அந்தத் தீவில் நல்ல தண்ணீர் கடல்நீருக்கு மேலே மெல்லிய ஆடைபோல் மிதக்கிறது, மெதுவாக அள்ளினால் ஊறும், அடித்து அள்ளினால் கீழே இருக்கும் கடல் மேலே வந்துவிடும். அன்று ஒரு கானும் நிறையவில்லை. காய்ச்சல்காரப் பிள்ளையை நான்தான் தோளில் போட்டுக்கொண்டு இறங்குதுறைக்கு ஓடினேன், பிள்ளையின் மூச்சு அடுப்புச் சூடுபோல் என் கழுத்தில் பட்டது. படகுக்குக் காத்திருக்கும்போது பொன்மலர் கேட்டாள், “ஆர் அண்ணை உங்களை அள்ளச் சொன்னது?” என்று. “ஒருத்தரும் சொல்லேல்லை” என்றேன். “அதுதான் எனக்குப் பயமாக் கிடக்கு” என்றாள். யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்றினார்கள், பிள்ளை தப்பிவிட்டாள், இப்போது பள்ளிக்கூடம் போகிறாள்.

இதை அப்படியே ஷெரோனுக்குச் சொல்லாதே, பயந்துவிடும் குஞ்சு. அவளுக்கு இப்படிச் சொல். வந்து ஆண்டவர்கள் எங்களைவிட நல்ல சாதி மனிதரும் இல்லை, கெட்ட சாதி மனிதரும் இல்லை. கப்பல் இருந்தது, பீரங்கி இருந்தது, பசியும் இருந்தது. எங்கள் அரசர்கள் யானை பிடித்து விற்று, அண்ணன் தம்பிக்குள் அடிபட்டு, வெளியாளை உதவிக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்த நேரம் பார்த்து வந்தார்கள். எங்கள் ஆட்களும் ஒரு காலம் கப்பல் ஏறிப் போனவர்கள்தான், சோழர் கடல் தாண்டிப் போய் அடித்த ஊர்களிலும் ஏதோ ஒரு பிள்ளை இப்படிக் கட்டிலுக்குக் கீழே படுத்திருக்கும். யாழ்ப்பாணக் கோட்டைக்குள் இருந்த போர்த்துக்கேயரை ஒல்லாந்தர் வளைத்து நின்று பசியிலும் நோயிலும் வாடவிட்டுப் பிடித்தார்கள், ஒல்லாந்தரிடம் ஆங்கிலேயர் பிடித்தார்கள், பிறகு அவர்களும் பெட்டியைக் கட்டினார்கள், ஒவ்வொருவரும் தாங்கள் போகவே மாட்டோம் என்றுதான் கல்லுக்குமேல் கல் வைத்தார்கள். இவ்வளவும் புத்தகத்திலும் இருக்கும். ஒன்றிரண்டு பேர் ஒரு தீவை எப்படிப் பிடித்து வைத்திருந்தார்கள் என்பதைத்தான் நான் அந்தக் கிணற்றடியில் என் கையாலேயே கண்டேன், அதை அவள் வளர்ந்தபிறகு நீ சொல்லு.

பிள்ளை தேறியபின் தீவுக்குப் போய் மோட்டாரைத் திருத்திவிட்டு நான் ஊர் திரும்புகிற காலை, பொன்மலர் வெளியில் தனியே நிற்பதைப் பார்த்தேன். தாய் செத்துப்போன ஒரு குட்டிக்குத் தன் வீட்டுப் பங்குத் தண்ணீரைச் சட்டியில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றாள். குட்டி தள்ளாடி வந்து, அவளைப் பார்த்துப் பார்த்துக் குடித்தது. அன்றைக்கு அவ்வளவு கத்தினாயே என்று கேட்டேன். “இதுக்கு நானாக் குடுக்கிறன் அண்ணை. குடுக்காமலும் விடுவன்” என்றாள்.

வந்த பிறகு எனக்கு ஒரு குறையும் இல்லை, நன்றாகச் சாப்பிடுகிறேன். ஆனால் போன வெள்ளிக்கிழமை மத்தியானம் அம்மா குசினிக்குள்ளிருந்து, “இஞ்சருங்கோ, ஆருக்கு வாளியை நிரப்பி முத்தத்திலை வைச்சிருக்கிறியள்?” என்று கேட்டாள். வெளியே வந்து பார்த்தேன். விளிம்புவரை தண்ணீர், வாசல் கேற்றைப் பார்த்தபடி வைத்திருந்தது, நான் உடுத்திருந்த சாரமும் நனைந்திருந்தது. வைத்ததாக எனக்கு நினைவே இல்லை. குனிந்து இரண்டு கையாலும் ஏந்திக் குடித்தேன், வயிறு முட்டக் குடித்தேன். அன்றிலிருந்து எந்த நேரம் தண்ணீர் அள்ளினாலும் முதல் மிடறு நான்தான் குடிக்கிறேன். அம்மா இந்த வயதில் உங்களுக்கு என்ன புதுப் பழக்கம் என்று சிரிக்கிறாள், சிரிக்கட்டும்.

நீ வேலை முடிந்து வந்து நின்றபடி சாப்பிடுவதை விட்டுவிடு, இருந்து சாப்பிடு. ஞாயிறு பூசை முடிந்ததும் அம்மாவுக்கு எடு, அவளிடம் இந்தக் கடிதத்தைப் பற்றி மூச்சு விடாதே. தேவமாதா உங்கள் மூவரையும் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும், உன் கை தொட்டதெல்லாம் தழைக்கட்டும், ஷெரோனின் நெற்றியில் எனக்காக ஒரு சிலுவை போட்டுவிடு.

என்றும் உன் சுகத்தையே கேட்டிருக்கும் அப்பா,
நீக்கிலாப்பிள்ளை