எண்ணெய் மாற்றினேன்

மார்ச் 3, திங்கள்

சக்களத்தியை விற்றுவிடுவது என்று இன்று காலை காப்பி குடிக்கும்போது முடிவாயிற்று. முடிவு செய்தவர் அவரேதான். "கை நடுங்குது. கியர் போடறப்போ அதுக்கு வலிக்குது" என்றார். எனக்கு எங்கே வலிக்கிறதென்று இத்தனை கரிசனமாக ஒரு நாள் கேட்டிருப்பாரா மனிதர்?

சக்களத்தி என்பது நான் வைத்த பெயர். பச்சை நிற ஸ்போர்ட்ஸ் கார், என்னைவிட ஏழு வயது இளையவள். கல்யாணமான இரண்டாம் வருஷம் வீட்டுக்கு வந்தாள். இரண்டே பேர்தான் உட்கார முடியும். மகள் பிறந்த பிறகு மூன்று பேரும் எங்கே போவதானாலும் பஸ்தான். முப்பத்தொரு வருஷமாக அவளுக்குக் குளிப்பாட்டல், துடைப்பு, சீராட்டல் எல்லாம் இவர் கையால்தான் நடக்கிறது. வேறு யாரும் ஒரு திருகாணியைத் தொட்டதில்லை.

ஒரே ஒரு பிடிவாதம். "பணம் முன்னப்பின்ன இருக்கட்டும். முதல் தரம்னு எழுதிக் குடுத்தாத்தான் குடுப்பேன்."

மார்ச் 6, வியாழன்

பழைய கார்களைப் பார்த்து விலை சொல்லும் மதிப்பீட்டுக்காரர் வந்தார். ஷெட்டில் பாய் விரித்து மல்லாந்து படுத்து, டார்ச் அடித்து அடிப்பக்கம் முழுக்கத் துரு தேடினார். ஒரு சின்னக் காந்தத்தைக் கதவு, பானெட், சக்கர வளைவு என்று ஒவ்வோர் இடமாக வைத்துப் பார்த்தார். "எல்லா எடத்துலயும் ஒட்டுது. துருவ மறைக்க உள்ள பட்டி வச்சுப் பூசலை. பெயிண்ட்டும் பிறந்தப்போ அடிச்சதே" என்றார்.

எனக்கு வாய் சும்மா இருக்காதே. இத்தனை கிழட்டு வண்டிக்கு என்ன பெரிய விலை வந்துவிடும் என்று கேட்டேன். "வயசப் பாத்து விலை சொல்றதில்லம்மா. ஒரே மாடல், ஒரே வருஷம். ஒண்ணு வீட்டு விலைக்குப் போகும், இன்னொண்ணு பழைய இரும்புக் கடைக்குப் போகும். எப்படி வச்சிருந்தாங்கங்கறதுதான் வித்தியாசம்."

இவர் உடனே தன் நீல நோட்டைக் கொண்டுவந்து வைத்தார். செய்த வேலை ஒவ்வொன்றும் தேதி, ஓடிய தூரத்தோடு அதில் இருக்கும். எண்ணெய் மாற்றினேன். பிரேக் சரிபார்த்தேன். கதவு ரப்பருக்குப் பவுடர் போட்டேன். வந்தவர் முதல் பத்துப் பக்கம் பார்த்ததுமே, "இந்த நோட்டுக்கே தனி விலை உண்டு சார். முதல் தரம்" என்றார். இவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! எங்கள் கல்யாணப் போட்டோவில்கூட அந்த முகம் இல்லை.

வாங்க ஒரு பல் டாக்டர் இருக்கிறாராம். அடுத்த வெள்ளிக்கிழமை கூட்டிவருகிறார்.

மார்ச் 9, ஞாயிறு

"பல் டாக்டர் எப்ப வர்றாரு?" காலையில் இரண்டு முறை, சாப்பிடும்போது ஒரு முறை. மூன்றாவது முறை நான் எரிந்து விழுந்தேன். "பரீட்சைக்குப் போற பையன் மாதிரி எதுக்கு இந்தப் பதற்றம்?" எழுந்து போய்விட்டார். பிறகு எனக்கே கஷ்டமாக இருந்தது.

மகள் போன் செய்தாள். "அப்பா பேச்சு ஒரு மாதிரி இருக்கே, கவனிச்சியாம்மா?" காது மந்தம் என்றேன்.

மார்ச் 13, வியாழன்

ஷெட்டை ஒதுக்கினேன். வண்டிக்குப் பின்னால் இரண்டு எண்ணெய் டப்பா. பார்க்க அசிங்கமாக இருந்தது. அலமாரியின் மேல் தட்டில் பெயிண்ட் டப்பாக்களுக்குப் பின்னால் ஏற்றி வைப்பதற்குள் இடுப்பு விட்டுப்போயிற்று. எதை வாங்கினாலும் கூட இரண்டு வாங்கி வைக்கிற புத்தி.

அவர் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "எண்ணெய் மாத்தியாச்சு. போற எடத்துக்குப் புது எண்ணெயோட போகட்டும்." கண் கலங்கியிருந்தது. நான் பார்க்காததுபோல் இருந்துவிட்டேன்.

மார்ச் 14, வெள்ளி

எப்படி எழுதுவது.

பல் டாக்டரைப் பக்கத்தில் உட்கார வைத்து இவரே ஓட்டினார். எப்போதும் வண்டியைக் கிளப்பினால் எண்ணெய் அழுத்த முள் மேலே ஏறும்வரை கண்ணெடுக்க மாட்டார். இன்றைக்கு டாக்டரிடம் பேசிக்கொண்டே கிளம்பிவிட்டார். தெருமுனை திரும்பியிருப்பார்கள். சுத்தியலால் அடிப்பதுபோல் டக் டக்கென்று ஒரு சத்தம். அப்புறம் ஒரு கிறீச். அப்புறம் ஒன்றுமில்லை.

வாசலில் நின்ற மதிப்பீட்டுக்காரர் ஓடினார், மூன்று பேருமாகத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். மதிப்பீட்டுக்காரர் எஞ்சினிலிருந்து எண்ணெய் அளவுக் கம்பியை உருவினார். உலர்ந்து கிடந்தது. "சார், இதுல ஒரு சொட்டு எண்ணெய் இல்லையே!"

"நேத்துதான் மாத்தினேன். எழுதிக்கூட வச்சிருக்கேன்." ஓடிப்போய் நோட்டை எடுத்து வந்து விரித்துக் காட்டினார். எழுதித்தான் இருந்தது.

பல் டாக்டர் நோட்டைப் பார்த்தார், இவரைப் பார்த்தார். "அப்ப இதுல எழுதியிருக்கறதெல்லாம் இப்படித்தானா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். வண்டி போனதுகூடப் பரவாயில்லை. அந்த ஒரு வார்த்தை. வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். சாப்பிடக் கூப்பிட்டும் வரவில்லை.

மார்ச் 15, சனி

மேல் தட்டில் இரண்டு டப்பா. இரண்டும் முழுசு, மூடிகூடத் திறக்கலை. பழைய எண்ணெயை வடிச்சவரு புதுச ஊத்தலை. தூக்கி ஒளிச்சது நான்தானே? அங்கேயே கிடந்திருந்தா அவர் கண்ணுல பட்டிருக்கும். இடுப்பு ஒடியத் தூக்கினியே, கனம் தெரியலையாடி உனக்கு?

மார்ச் 17, திங்கள்

நீல நோட்டைக் கடைசியிலிருந்து படித்தேன்.

பிப்ரவரி 4, எண்ணெய் மாற்றினேன். பிப்ரவரி 6, எண்ணெய் மாற்றினேன். 7ஆம் தேதி மறுபடியும். 12, 13. ஓடிய தூரம் எல்லாவற்றிலும் ஒரே எண். எழுத்து கோட்டுக்குக் கீழே இறங்கிப் போகிறது. ஓரிடத்தில் "கதவு" என்று மட்டும் எழுதி நிறுத்தியிருக்கிறார். இப்படி நாலு பக்கம்.

ஏமாற்றுகிறவன் ஒரே பொய்யை ஒரே வாரத்தில் மூன்று முறை எழுதுவானா?

அவர் எழுதியதெல்லாம் அவருக்கு நிஜம். இது புரிய எனக்கு ஒரு எஞ்சின் உடைய வேண்டியிருந்ததா? இல்லை. ஆறு மாதமாகத் தெரியும். தன் அண்ணன் பெயரை மறந்தார், வயசு என்றேன். கேட்டதையே கேட்டார், பதற்றம் என்றேன். மகளிடம் காது மந்தம் என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டிருந்தேன்.

மாலையில் மகளுக்குப் போன் செய்தேன். இரண்டு பேரும் அழுதோம்.

மார்ச் 26, புதன்

நரம்பு டாக்டர் ஒரு கடிகாரம் வரையச் சொன்னார். வட்டம் நன்றாகத்தான் வந்தது. முள் ஒன்றே ஒன்று போட்டார். இன்னொரு முள் எங்கே என்று டாக்டர் கேட்டதற்கு, "எண்ணெய் மீட்டருக்கு ஒண்ணு போதுமே" என்றார். டாக்டர் சிரிக்கவில்லை.

சரியாகாதாம். வேகத்தைக் கொஞ்சம் குறைக்கலாமாம். எப்போது ஆரம்பித்தது என்று கேட்டார். நோட்டைக் கொண்டுபோயிருந்தேன், காட்டினேன்.

ஏப்ரல் 8, செவ்வாய்

மதிப்பீட்டுக்காரர் மறுபடி வந்தார். எஞ்சின் இறுகிவிட்டது. வேறு எஞ்சின் வைத்தால் ஓடும், ஆனால் அது பிறந்தபோது இருந்த வண்டி இல்லையாம். முன்பு சொன்னதில் மூன்றில் ஒரு பங்கு தருவதாகவும் தானே வாங்கிக்கொள்வதாகவும் சொன்னார். தலையாட்டினேன்.

"நோட்டும் வேணும்மா. கடைசி நாலு பக்கத்த மட்டும் கிழிச்சிடுங்க. பாக்கறவன் தப்பா நெனைப்பான்" என்றார் குரலைத் தாழ்த்தி.

"நீங்களும் தப்பாத்தான் நெனச்சிருக்கீங்க. அவர் பொய் எழுதல. அவருக்கு ஞாபகம் போயிட்டு இருக்கு. முப்பது வருஷம் எழுதினது அத்தனையும் நிஜம்." வெளி மனிதர் ஒருவரிடம் இதை இப்போதுதான் வாய்விட்டுச் சொன்னேன்.

அவர் பேனாவை எடுத்துத் தன் படிவத்தில் எழுதினார். எஞ்சின், பழுது. பராமரிப்பு, முதல் தரம். அதை உள்ளே கொண்டுபோய் இவரிடம் காட்டினார். இவர் இரண்டு முறை படித்துவிட்டு, "யாரோட வண்டி?" என்று கேட்டார்.

நாலு பக்கத்தையும் கிழித்து இந்த டைரிக்குள் வைத்திருக்கிறேன். டாக்டர் மறுபடி கேட்பார். டப்பா விஷயத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை.

ஏப்ரல் 12, சனி

லாரி வந்து ஏற்றிக்கொண்டு போயிற்று. அவர் தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பவில்லை. தெருமுனை திரும்பும்வரை நானே நின்று வழியனுப்பினேன்.

மே 2, வெள்ளி

தினமும் காலையில் ஷெட்டுக்குப் போய் நிற்கிறார். அங்கே ஒரு நாற்காலி போட்டு வைத்திருக்கிறேன். தரையில் பழைய எண்ணெய்க் கறை இருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார்.

இன்றைக்கு என்னைக் கூப்பிட்டார். "வண்டி எங்க?"

"சர்வீசுக்குப் போயிருக்குங்க."

"யார்கிட்ட விட்ட? அவனுங்கள நம்ப முடியாது. பழைய எண்ணெய வடிச்சிடுவானுங்க, புதுச ஊத்த மறந்துடுவானுங்க. பக்கத்துல நின்னு பாத்தியா நீ?"

"பாத்தேன்."

"டப்பாவத் தூக்கிப் பாத்தியா? தூக்கினாத்தான் தெரியும்."

மேல் தட்டில் பெயிண்ட் டப்பாக்களுக்குப் பின்னால் அவை இரண்டும் அப்படியே இருக்கின்றன.

"தூக்கிப் பாத்தேங்க" என்றேன்.

"நீ பாத்தாச் சரி" என்று சொல்லிவிட்டு, காலில் போட்டிருந்த செருப்பைத் தேடிக்கொண்டு உள்ளே போனார்.