ஒற்றைக்கண்ணனின் முன்கதை

ஆவணி 8, ஞாயிறு.

நானும் என் மனைவியின் தம்பியும் வீடியோ கேமில் வாராவாரம் சுட்டுத் தள்ளும் ஒற்றைக்கண் வில்லனுக்கு முன்கதை நாவல் வந்திருக்கிறது. இங்கிலீஷில்தான். மகள் படித்துச் சொன்னாள். ஹீரோவைக் காப்பாற்றப் போய்த்தான் அவனுக்குக் கண் போனதாம்.

மச்சான் விளையாட்டை நிறுத்திவிட்டான். "இன்னைக்கு அவன சுட வேணாம் மாமா."

"வில்லனுக்கு அழுவுறியா? வரப்புச் சண்டையில உங்கண்ணன்கிட்ட பேச்சே கெடையாது. சிதம்பரம் போறப்ப அவரு இருக்குற புவனகிரிக்கு வண்டிய விட்டு, அவரு கதையையும் கேளேன்" என்று கிண்டலடித்தேன்.

அவன் சிரிக்கவில்லை. நிஜமாகவே போய்விட்டான்.

இப்போது அண்ணனும் போனை எடுக்கவில்லை, தம்பியும் எடுக்கவில்லை. சாப்பிடுகிறார்களா, அடித்துக்கொள்கிறார்களா?

"அவுங்களுக்கு ஏதாவது ஆச்சு, ஒங்க கதை முடிஞ்சுது" என்கிறாள் மனைவி. போனும் கையுமாக உட்கார்ந்திருக்கிறாள். நானும் படுக்கவில்லை.