தண்ணீர் மோட்டரை நான் போட்ட காலை

இன்று கொழும்பு கொள்ளுப்பிட்டியில் ஒரு புதுக் கட்டடத்தின் பின்புறம் நின்றபோது ஜெனரேற்றரின் டீசல் புகை மூக்கில் ஏறியது. பக்கத்தில் நின்றவர்கள் முகத்தைச் சுளித்தார்கள். எனக்கோ ஒரே சந்தோஷம். உடனே உம்மோடு கதைக்க வேண்டும் போலிருந்தது. நீர் கனடாவில் கண்மூடி இரண்டு வருடமாகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

அந்த நாளில் நாம் இருந்த வெள்ளவத்தை லொட்ஜின் நான்கு மாடியிலும், சண்டைக்குத் தப்பி வந்து விசாவுக்குக் காத்திருந்த குடும்பங்கள். நான் வாசல் மேசையில் சாவி கொடுப்பவள். நீர் மகளிடம் போகவென்று மூன்றாம் மாடியில் தங்கியிருந்தவர். வடக்கில் ஒரு தொழிற்சாலையின் மின் பகுதியில் வேலை பார்த்தவர் என்று எங்களில் யாருக்குத் தெரியும்? கரண்ட் மணிக்கணக்கில் போய்விடும். தண்ணீர் மோட்டர் நின்று மொட்டைமாடித் தண்ணீர்த் தாங்கி வறண்டால், கைக்குழந்தையோடு இருந்தவர்களும் வாளி தூக்கிப் படியேறினார்கள்.

முதலாளி ஐந்து கேவிஏ வலுவுள்ள ஜெனரேற்றர் ஒன்றைப் பார்வைக்கு எடுப்பித்தார். லைற், பிரிட்ஜ், மோட்டர் எல்லாம் கூட்டினாலும் நான்கைத் தாண்டாது என்றார் விற்க வந்தவர். படியால் இறங்கி வந்த நீர் நின்றீர்.

"ஓடேக்கை நாலுதான். மோட்டர் எழும்பேக்கை அஞ்சு மடங்கு இழுக்கும். இது படுத்திடும்."

"அக்கா, நாங்க எத்தனை இடத்துக்குக் குடுத்திருக்கோம்," என்று அவர் சிரித்தார்.

மோட்டரைப் போட்டார்கள். ஜெனரேற்றர் ஒருமுறை உறுமியது, லைற்றெல்லாம் மங்கின, எல்லாம் அடங்கிப் போயிற்று. முதலாளி உம்மைப் பார்த்த பார்வை!

கரண்ட் திரும்பியதும், மோட்டர் இழுப்பதை அளக்க இரவல் மீற்றர் ஒன்றை மோட்டர் வயரில் கொளுவினீர். போட்ட கணம் முள் நாற்பது அம்பியரைத் தாண்டி எகிறி, பிறகு எட்டில் வந்து நின்றது.

"பாத்தீரோ, பாத்தீரோ!" என்று என் கையைப் பிடித்து உலுக்கினீர். முதலாளியிடம், "பத்து கேவிஏ எடுங்கோ. முதல் மோட்டரைத் தனியப் போடவேணும். அது ஓடத் தொடங்கினாப் பிறகு பிரிட்ஜ். கடைசியாத்தான் லைற்," என்றீர்.

"அதுவும் நிண்டுட்டா?" என்று கேட்டார் முதலாளி.

"நிண்டா நான் சொன்னது பிழை. எல்லாருக்கும் முன்னாலை ஏசுங்கோ."

புது ஜெனரேற்றர் வந்த காலை லொட்ஜே முற்றத்தில் கூடிவிட்டது. "நீர் போடும்," என்று மோட்டர் சுவிட்சை எனக்குக் காட்டினீர். போட்டேன். ஜெனரேற்றரின் சத்தம் தாழ்ந்தது. என் உயிரே போனது. அடுத்த கணம் சத்தம் நிமிர்ந்தது! மொட்டைமாடியிலிருந்து ஒரு பெண் கத்தினாள்: "தண்ணி விழுது! தாங்கிக்கை தண்ணி விழுது!" முற்றம் முழுக்கக் கைதட்டல். முதலாளியும் தட்டினார்.

அடுத்த மாதம் விசா வந்து நீர் போய்விட்டீர். நான் சாவி மேசையை விட்டு ஜெனரேற்றர் விற்கும் கடையொன்றில் சேர்ந்தேன். ஆஸ்பத்திரிக்கும் கலியாண மண்டபத்துக்கும் எத்தனை கேவிஏ வேண்டும் என்று இன்று கணக்குப் போட்டுக் கொடுப்பவள் நான்தான்.

உமக்குச் சொல்லாத ஒன்று இருக்கிறது. அந்தக் காலையில் நீர் ஏன் என்னைப் போடச் சொன்னீர் என்று எனக்குத் தெரியும். முதுகுக்குப் பின்னால் நீர் ஒளித்த விரல்கள் நடுங்கியதைக் கண்டேன். இத்தனை வருடம் கழித்தும் ஒவ்வொரு சுவிட்சுக்கு முன்னாலும் என் விரலும் அப்படியே நடுங்குகிறது. நான் அதை ஒளிப்பதில்லை.