அம்மா திறக்கக் கூடாத டிராயர்

அன்புள்ள வாயாடிக்கு,

அப்பா, பத்து விரல்களும் பத்திரமாக இருக்க எழுதிக்கொள்வது. அம்மாவும் நலம். நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பதாகவே இங்கு நம்பிக்கொண்டிருக்கிறோம்.

அச்சகத்தில் முப்பத்தைந்து வருடம் பிழை திருத்தியவன் ஓய்வில் சும்மா இருக்கலாமா என்று உன் அறையில் ஒரு ரவுட்டர் மேசை வாங்கிப் போட்டேன் அல்லவா, எதிர்வீட்டுக்காரர் ரவுட்டர் என்றதும் பாஸ்வேர்ட் கேட்டார், இது மரம் குடைவது என்றதும் பேச்சைக் குறைத்துக்கொண்டார். அதற்கு ஜிக் என்று ஒரு சாதனம். பலகையை அதில் இறுக்கிக் கத்தியின்மேல் தள்ளினால் புறா வால் மாதிரி விரிந்த பற்கள் விழும், பலகைகள் ஆணியில்லாமல் கோத்துக்கொள்ளும். ஒரு மாதமாக வெட்டியதில் பாதி லொடலொடத்தது, பாதி சுத்தியலுக்கும் மசியவில்லை. கத்தியை மயிரிழை உயர்த்தினால் இறுகும், தாழ்த்தினால் தளரும் என்பது மெதுவாகத்தான் பிடிபட்டது. இதற்குள் அம்மா, தையல் மெஷினின் உடைந்த டிராயரைக் காட்டி, ஞாயித்துக்கிழமைக்குள்ள இது ஓடலைன்னா உங்க மேசை வீட்டை விட்டு ஓடும் என்று அறிவித்துவிட்டாள்.

முகப்புக்கு உன் பழைய படிப்பு மேசையின் டிராயர் பலகையை அளவாக அறுத்தேன், கோபிக்காதே. சனிக்கிழமை பற்களெல்லாம் கச்சிதமாகப் பொருந்தின, பசையும் காய்ந்தது. அடித்தட்டைச் செருகப் போனால் அதற்கான பள்ளம் சுற்றிலும் வெளியே இருக்கிறது. ஜிக்கில் பலகையின் உட்புறம் நம்மைப் பார்க்க வேண்டுமாம், நான் வெளிப்புறத்தைப் பார்க்க வைத்திருக்கிறேன். சட்டையைத் திருப்பிப் போட்டதுபோல ஒரு டிராயர். உள்ளே சட்டம் அடித்து அடித்தட்டை நிறுத்தினேன். அம்மா கத்தரி, நூல்கண்டு, பொத்தான் எல்லாம் போட்டு மூடி, தூசி போக முகப்பை ஒரு துடை துடைத்தாள். சிவப்பு கிரேயானில், நாலாம் வகுப்பு எழுத்தில், ‘இது என்னுடையது. அம்மா திரக்க கூடாது’ என்று இருந்தது.

இதை நீ டிராயரின் உள்ளே எழுதியிருந்ததால், திறந்தவர்கள் மட்டுமே படித்திருக்க முடியும். அம்மாவைப் பார்த்தேன். ஒரே தடவைதான் திறந்தேன், படிச்சதும் மூடிட்டேன், அப்புறம் தொட்டதே இல்ல, போதுமா என்றாள். அறிவிப்பு இப்போதுதான் இருக்கவேண்டிய இடத்துக்கு வந்திருக்கிறது.

சிக்கல் என்னவென்றால், அவ சொல்லாம நான் திறக்க மாட்டேன் என்று மெஷின் முன்னால் கைகட்டி உட்கார்ந்திருக்கிறாள். கத்தரி உள்ளே. திறந்து மூடினால்தானே ஒழுங்காக ஓடுகிறதா என்று தெரியும், தெரிந்தால்தானே என் மேசை தப்பும்? போனில் சொன்னால் செல்லாதாம், எழுத்தில் போட்ட தடையை எழுத்தில்தான் நீக்க வேண்டுமாம். சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், மரத்தூள் என்றாள். மெஷின் இருப்பது கூடத்தில், தூள் இருப்பது உன் அறையில். நான் திருத்தவில்லை.

இருவரும் நீடூழி நன்றாக இருங்கள். தலை ஈரம் காயாமல் வெளியே போகாதே. ‘அம்மா திறக்கலாம்’ என்று இரண்டே வார்த்தை எழுதி உடனே அனுப்பு. பழையபடி ‘திரக்கலாம்’ என்று எழுதினாலும் அப்படியே ஒட்டிவிடுகிறேன்.

உன் பதிலுக்கும் ஒரு கத்தரிக்கும் காத்திருக்கும்,
அப்பா