ஒரு நூல் குறைத்துச் சொன்ன வலி

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அங்கே குறையில்லாமல் இருந்தால் அதுவே எங்களுக்கு நலம். இடது கையால் எழுதுகிறேன், கோழி கிளறியது போல இருக்கும், சிரிக்காமல் படி. நம் கண்ணாடிக் கடையை உன் தம்பிதான் பார்க்கிறான், கண்ணாடி வெட்ட அவனுக்கு இன்னும் கை வரவில்லை, நேற்று மட்டும் மூன்றை உடைத்தான்.

என் வலது கை பாதி குணம் என்று போனில் சொன்னேன் அல்லவா, அது பொய். அம்மா பக்கத்தில் இருந்ததால் உண்மை வாயில் வரவில்லை. மணிக்கட்டில் கண்ணாடி கிழித்து நரம்பு அறுபட்ட இடத்தில் உடம்பைக் காக்க வந்த அணுக்கள், சண்டை விலக்க வந்த சொந்தக்காரர்கள் மாதிரி, காயம் ஆறியும் கலையாமல் நின்று வலியைக் கிளப்புகின்றனவாம். மருத்துவமனையில் சிவப்பு வெளிச்சம் காட்டினால் அடங்கலாமாம், எல்லோருக்கும் பலிக்காதாம். வெளிச்சம் காட்டும் பெண்ணுக்கு உன் வயதுதான் இருக்கும். ஒவ்வொரு முறையும் பத்துக்கு வலி எத்தனை என்று கேட்டு அட்டையில் எழுதுவாள். நான்தான் நாற்பது வருஷமாகச் சட்டத்தை அளந்து ஒரு நூல், அதாவது அரைக்கால் அங்குலம், குறைத்தே கண்ணாடி வெட்டுகிறவன் ஆயிற்றே, சரியளவுக்கு வெட்டினால் இறுகி விரிசல் விடும். அந்தப் புத்தி இங்கேயும் வந்துவிட்டது. எட்டை ஏழு என்றேன், அவள் முகம் மலர்ந்தது. அடுத்து ஆறு என்றேன். இப்போது அட்டையில் மூன்று இருக்கிறது, என் கையில் அதே எட்டு. அம்மா உதறிய துண்டின் நுனி பட்டதற்கு அவள்மேல் எரிந்து விழுந்தேன், அதிலிருந்து அவள் என் வலது பக்கம் வருவதே இல்லை.

வெளிச்சம் பலிக்காவிட்டால் நரம்பைத் தைக்க வேண்டும், நாள் கடந்தால் அதுவும் கடினம் என்று டாக்டர் முதலிலேயே எச்சரித்திருந்தார், அதை உங்கள் யாரிடமும் சொல்லவில்லை. இப்போது அட்டையைப் பார்த்துவிட்டு, இந்த மாதக் கடைசித் திங்கட்கிழமையோடு போதும், இனி வரவேண்டாம் என்கிறார். அந்தப் பெண்ணோ, "உங்கள மாதிரி குணமாகுறவங்களப் பாத்தாத்தான் ஐயா எனக்குத் தெம்பு" என்றாள். நானும் தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன்.

குழந்தையை வெயிலில் கொஞ்சம் விளையாட விடு, நீ நேரத்துக்குச் சாப்பிடு. எல்லோரும் நீண்ட ஆயுளோடு நன்றாக இருங்கள். மறக்காமல் அந்தத் திங்கட்கிழமைக்குள் மருத்துவமனைக்குப் போன் செய்து, எங்கப்பாவுக்கு வலி எட்டு என்று நீயே சொல்லிவிடு. அந்தப் பெண்ணின் முகம் வாடுவதைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. ஆனால் எனக்குக் கை வேண்டும் அம்மாடி.

இப்படிக்கு,
உன் அப்பா