பாதி வெட்டிய தலை

அன்புள்ளவளே,

இங்கே எல்லாம் சுகம். மகளையும் புதிதாகப் பிறந்த பேத்தியையும் விட்டுவிட்டு நீ அவசரமாக வரவேண்டாம்.

ரத்தம் கசிந்துகொண்டிருந்த குடல் புண் அடங்கிவிட்டது, வலியும் இல்லை. அதனால்தான் சலூனில் நிற்கும்போது மூச்சு வாங்கியதை வயசாகிவிட்டது என்று விட்டுவிட்டேன். இன்று உட்கார்ந்தபடியே முடி வெட்டினேன். வாடிக்கைக்காரர் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்து, "அண்ணே, பவுடரை எனக்குப் போடாம நீங்களே போட்டுக்கிட்டீங்களா?" என்றார். மறுநிமிடமே, பாதி வெட்டிய தலையோடு என்னை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனார்.

"வலி நின்னா ரத்தமும் ஊறிடும்னு யாருங்க சொன்னது?" என்று டாக்டரம்மா கடிந்துகொண்டார்.

எழுத்து கோணலாக இருக்கும். வலது கையில் ஊசி வழியாக இரும்புச்சத்து ஏறுகிறது. இடது கையால் எழுதுகிறேன்.

வரவேண்டாம் என்று சொல்லத்தான் ஆரம்பித்தேன். வந்துவிடேன்.

உன் வீட்டுக்காரன்